பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு

புதிய கோள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வரும். நீலக் கடல், வெண்மேகம், கரும்பாறை, அடிவானத்தில் செக்கச்செவேலென்று ஒரு சூரியன். படத்தின் கீழே பொடி எழுத்தில் ‘ஓவியரின் கற்பனை’ என்று போட்டிருப்பார்கள். சில இடங்களில் அதுவும் இருக்காது. பெரும்பாலும் அந்தக் கோளை யாரும் பார்த்ததில்லை. கடலையும் பாறையையும் விடுங்கள், அதை ஓர் ஒளிப்புள்ளியாகக்கூடப் பார்த்ததில்லை. கண்டுபிடித்தவர்கள் கையில் இருப்பது எண்கள் நிறைந்த ஓர் அட்டவணை. இந்த நேரத்தில் இந்த விண்மீனின் வெளிச்சம் இவ்வளவு, அரைமணி கழித்து இவ்வளவு, அதற்கடுத்த அரைமணியில் இவ்வளவு. அதை வைத்துக்கொண்டுதான் அந்தக் கோள் பூமியைப்போல எத்தனை மடங்கு, எத்தனை நாளில் தன் சூரியனைச் சுற்றுகிறது, அங்கே வெக்கை எப்படியிருக்கும் என்றெல்லாம் சொல்கிறார்கள். சில கோள்களின் காற்றில் என்ன வாயு கலந்திருக்கிறது என்பதுவரை சொல்கிறார்கள்.

இதையெல்லாம் எப்படி நம்புவது? கேட்கவேண்டிய கேள்விதான். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள்தான் இதை எல்லோரையும்விடக் கடுமையாகக் கேட்கிறார்கள். அட்டவணையில் ஓர் எண் இறங்கியிருப்பதைப் பார்ப்பதற்கும், அங்கே ஒரு கோள் இருக்கிறது என்று அறிவிப்பதற்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது. என் வியப்பெல்லாம் அந்த இடைத்தூரத்தை அவர்கள் கடக்கும் விதத்தில்தான்.

முதலில் அளவுகளை மனத்தில் வாங்கிக்கொள்வோம். பூமியை 2 மில்லிமீட்டர் கடுகு என்று வைத்துக்கொண்டால் சூரியன் 22 சென்டிமீட்டர் அகலமுள்ள சாப்பாட்டுத் தட்டு. தட்டை வீட்டு வாசலில் நிறுத்தினால், கடுகு 24 மீட்டர் தள்ளி, தெருவில் நாலு வீடு தாண்டி அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் இதே கணக்கில் 6,300 கிலோமீட்டருக்கு அப்பால். நம் தட்டு சென்னையில் இருந்தால் அது ஏறக்குறைய டோக்கியோவில். டோக்கியோவில் நிற்கும் ஒருவர், சென்னையில் தகதகவென்று எரியும் தட்டின் பக்கத்தில் இருக்கும் கடுகைப் பார்த்தாகவேண்டும். கடுகுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தட்டிடம் வாங்கிய ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது தட்டின் ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. தட்டின் கண்கூசும் ஒளியில் கடுகு காணாமல் போய்விடும்.

அப்படியானால் கடுகைத் தேடுவதை விட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கலாமே? சுற்றிவரும் கடுகு ஒருநாள் தட்டுக்கும் நமக்கும் நடுவே வரக்கூடும். வந்தால் தட்டின் முகத்தில் கடுகளவு இடம் மறையும். சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப்போல 109 மடங்கு. முகப்பரப்பில் அது ஏறக்குறைய 12,000 மடங்கு. ஆகவே வெளிச்சம் 12,000-இல் ஒரு பங்கு குறையும். கடுகுக்குப் பதிலாக வியாழன் வந்தால், நம் கணக்கில் அது ஒரு நெல்லிக்காய், நூற்றில் ஒரு பங்கு குறையும். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒளியைப் பிடிப்பதைவிட, பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு நிழலைப் பிடிப்பது எட்டக்கூடிய காரியம்.

இதற்குக் கடப்பு முறை என்று பெயர். ஒரு கோள் தன் விண்மீனின் முகத்தைக் குறுக்கே கடந்துபோவது கடப்பு. நம் சூரிய மண்டலத்துக்கு வெளியே வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் புறக்கோள். கடப்பு நமக்குப் புதிதில்லை. 2012 ஜூன் 6 காலை சூரியன் உதிக்கும்போதே அதன் முகத்தில் ஒரு கரும்பொட்டு இருந்ததைப் பாதுகாப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் பலர் இருப்பார்கள். அது வெள்ளியின் கடப்பு; அடுத்தது 2117-இல்தான். 1874-இல் வெள்ளி இப்படிக் கடந்தபோது, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அது என்ன நிகழ்வு என்று பொதுமக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். அறிவியலை ஊர்மொழியில் சொல்லவேண்டும் என்று நினைத்த அந்த மனிதரை நினைக்காமல் கடப்பைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நம் சூரியனின் முகத்தில் நகரும் பொட்டைக் கண்ணால் பார்க்கலாம். தொலைதூர விண்மீனுக்கு முகமே தெரியாது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலும் புள்ளிதான். பொட்டைப் பார்க்க முடியாது, மொத்த வெளிச்சம் இறங்கி ஏறுவதை மட்டும் அளக்கலாம். அந்த ஏற்ற இறக்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஒளிவளைவு. கடப்பு நடந்தால் அந்தக் கோட்டில் ஒரு சிறு பள்ளம் விழும்.

ஒளிவளைவில் பள்ளத்தைப் பார்த்து, மறைப்பது எது என்று யோசித்தவர்களில் முன்னோடி, இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த காது கேளாத இளைஞர் ஜான் குட்ரிக். அல்கால் என்ற விண்மீன் இரண்டு நாள் இருபத்தொரு மணிக்கு ஒருமுறை, கடிகாரம் தவறாமல், தன் ஒளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்து மீள்வதை அவர் வெறுங்கண்ணால் பார்த்துக் குறித்துவைத்தார். 1783-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய அறிக்கையில், அல்காலைச் சுற்றும் ஏதோ பெரிய பொருள் குறுக்கே வந்து மறைப்பது காரணமாக இருக்கலாம் என்றார். விண்மீனின் முகத்தில் கறை இருந்து அது சுழல்வதாலும் இருக்கலாம் என்றும் சேர்த்தே எழுதினார். இரண்டில் எது சரி என்று சொல்ல அவரிடம் வழியில்லை. 21 வயதில் இறந்துபோனார். ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல், அல்கால் நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும் நிறமாலை கொண்டு அளந்து, அது கண்ணுக்குத் தெரியாத துணையோடு சேர்ந்து சுற்றுகிறது என்று நிறுவியது 1889-இல். பள்ளத்தின் பொருள் உறுதியாக 106 ஆண்டு பிடித்தது. அந்தத் துணை கோளில்லை, மங்கலான இன்னொரு விண்மீன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோளையும் இதேபோலப் பிடிக்கலாம் என்று 1952-இல் ஆட்டோ ஸ்ட்ரூவ் ஒரு சிறு கட்டுரையில் எழுதினார். வியாழன் அளவுள்ள ஒரு கோள் தன் விண்மீனை மிக நெருங்கிச் சில நாளில் சுற்றிவந்தால் கோளின் இழுப்பால் வரும் விண்மீனின் தள்ளாட்டத்தை நிறமாலையில் அளக்கலாம், கடப்பு நேர்ந்தால் வெளிச்சக் குறைவையும் அளக்கலாம் என்பது அவர் வாதம். கருவிகள் ஓரளவு கைவசம் இருந்தும் நாற்பதாண்டுக்கு மேலாக இந்த வழியில் போனவர்கள் மிகச் சிலர். காரணம் நம் சூரிய மண்டலம்தான். இங்கே சிறு பாறைக் கோள்கள் உள்ளே இருக்கின்றன, பெரிய வாயுக் கோள்கள் வெளியே இருக்கின்றன. வியாழன் ஒருமுறை சுற்றிவர 12 ஆண்டு ஆகிறது. எங்கும் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1995-இல் மிஷெல் மேயரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனின் தள்ளாட்டத்திலிருந்து 4.2 நாளில் சுற்றும் ஒரு பெருங்கோளைக் கண்டபோது அந்த எண்ணம் உடைந்தது. 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1995-க்குப் பிறகும் சில ஆண்டுகள் சந்தேகம் தொடர்ந்தது. ஆடுவது விண்மீனா, அல்லது விண்மீனின் மேற்பரப்பு மட்டும் விம்மித் தணிகிறதா என்று கேட்டவர்கள் உண்டு. 51 பெகாசி உள்படச் சில விண்மீன்களில் கடப்பைத் தேடிப்பார்த்தார்கள். ஒன்றிலும் பள்ளம் விழவில்லை.

1999 செப்டம்பரில் பள்ளம் விழுந்தது. எச்டி 209458 என்பது பெகாசஸ் விண்மீன் குழுவில், 150 ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் இருக்கும், சூரியனைப் போன்ற விண்மீன். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலரில் தெரியும். அதன் தள்ளாட்டத்திலிருந்து மூன்றரை நாளில் சுற்றும் கோள் ஒன்று இருப்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தது. கோள் நமக்கு நேரெதிரே வரவேண்டிய நேரமும் தெரியும். அந்த நேரத்தில், அமெரிக்காவின் போல்டர் நகரிலிருந்து வெறும் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கருவியால் டேவிட் ஷார்பனோ என்ற ஆய்வு மாணவரும் டிமத்தி பிரவுனும் அந்த விண்மீனை அளந்தார்கள். வெளிச்சம் நூற்றுக்கு ஒன்றரைக்கும் சற்று மேல் இறங்கி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் அப்படியே இருந்து, மீண்டது. ஒரு வாரம் கழித்து, அதாவது இரண்டு சுற்றுக்குப் பிறகு, சொன்னபடி மீண்டும் இறங்கியது. நவம்பரில் கிரெகரி ஹென்றி இடம்பெற்ற இன்னொரு குழுவும் தனியாக அதைக் கண்டது.

ஒரு வழியில் அளந்தது விண்மீனின் அசைவு. மறு வழியில் அளந்தது அதன் வெளிச்சம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அளவைகளும் ஒரே கடிகாரத்தில் ஓடின. விம்மித் தணியும் விண்மீன் என்ற வாதத்துக்கு அதற்குப் பிறகு இடமில்லாமல் போயிற்று. இன்னொன்றும் கிடைத்தது. தள்ளாட்டம் கோளின் எடையைச் சொன்னது, பள்ளத்தின் ஆழம் அதன் பருமனைச் சொன்னது. எடையும் பருமனும் தெரிந்தால் அடர்த்தி வந்துவிடும். வியாழனைவிட எடை குறைவு, பருமன் அதிகம்; தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த வாயுக்கோளம். நேரில் பார்க்காத ஒரு பொருளைப் பற்றி, அது எதனால் ஆனது என்று மனிதர்கள் முதன்முறையாகச் சொல்லமுடிந்தது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க ஐரோப்பா அனுப்பிய ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் 1990-களின் தொடக்கத்திலேயே இந்த விண்மீனைப் பலமுறை அளந்திருந்தது. கடப்பு இன்ன நேரத்தில் வரும் என்று தெரிந்தபிறகு பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். பள்ளங்கள் அங்கேயே இருந்தன. பத்தாண்டு முந்தைய அந்தக் குறிப்புகளைச் சேர்த்ததும் கோளின் சுற்றுக்காலம் மிகத் துல்லியமாகக் கிடைத்தது.

நெல்லிக்காய் கிடைத்துவிட்டது. கடுகு?

அமெரிக்க விண்வெளி முகமையான நாசாவில் வில்லியம் பொருக்கி என்பவர் 1984 முதலே இதைப்பற்றி எழுதிவந்தார். பூமி அளவுள்ள கோளுக்குத் தரையிலிருந்து முயன்று பயனில்லை. காற்று மண்டலத்தின் அசைவில் விண்மீன்கள் மினுங்குவதே பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிட எவ்வளவோ அதிகம். விண்வெளியிலிருந்து பார்க்கவேண்டும். ஒரு விண்மீனை மட்டும் பார்த்தாலும் போதாது, ஏனென்றால் கடப்பு நம் கண்ணுக்குப் படுவது அபூர்வம். மறுபடி தட்டுக்குப் போவோம். தட்டின் ஆரம் 11 சென்டிமீட்டர், கடுகு இருப்பது 24 மீட்டர் தள்ளி. கடுகு சுற்றும் தளம் டோக்கியோக்காரரின் பார்வைக் கோட்டிலிருந்து கால் பாகைக்குச் சற்றே அதிகமாகச் சாய்ந்தாலும், கடுகு தட்டுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும், தட்டை மறைக்கவே மறைக்காது. எல்லாச் சாய்வுகளும் சமவாய்ப்புள்ளவை என்று எடுத்துக்கொண்டால், சூரியன்-பூமி போன்ற அமைப்புகள் 200 இருந்தால் ஒன்றில்தான் நமக்குக் கடப்பு தெரியும். விண்மீனை ஒட்டிச் சுற்றும் வெப்பமான பெருங்கோள்களுக்கு வாய்ப்பு பத்தில் ஒன்று. அவை முதலில் அகப்பட்டதற்கு இதுவும் காரணம்.

தெரிகிற அந்த ஒன்றிலும் கடப்பு நீடிப்பது ஆண்டுக்கு அதிகபட்சம் 13 மணி நேரம். வெளிச்சம் ஒருமுறை இறங்கினால் அது எதுவாகவும் இருக்கலாம். இரண்டு முறை இறங்கினால் ஒரு இடைவெளி தெரியும். அதே இடைவெளியில் மூன்றாம் முறையும் இறங்கினால்தான் சுற்றுகிறது என்று சொல்லலாம். ஆகவே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கண்கொட்டாமல் மூன்று நான்கு ஆண்டு பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பொருக்கி கேட்டது இதற்கான தொலைநோக்கியை.

1992, 1994, 1996, 1998 என்று நான்கு முறை அவருடைய திட்டம் திருப்பி அனுப்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஓர் ஐயத்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவர் குழு திரும்பிப்போய் அதற்கு விடை தேடியது. ஆயிரக்கணக்கான விண்மீன்களை ஒரே நேரத்தில் தானாக அளக்கமுடியுமா என்றபோது லிக் வானாய்வகத்தில் கருவி அமைத்துச் செய்துகாட்டினார்கள். விண்கலத்தின் அதிர்விலும் இரைச்சலிலும் இவ்வளவு நுட்பம் கிடைக்குமா என்றபோது ஆய்வுக்கூடத்திலேயே ஒரு வானத்தைச் செய்தார்கள். உலோகத் தகட்டில் மிக நுண்ணிய துளைகள் இட்டு, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சினால் அவை விண்மீன்கள். சில துளைகளின் குறுக்கே மெல்லிய கம்பி. கம்பியில் சிறிது மின்சாரம் செலுத்தினால் அது சூடாகி நூலளவுக்கும் மிகக் குறைவாகப் பருக்கும். துளையின் ஒளி ஒரு பூமி குறுக்கே போனால் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறையும். அந்தக் குறைவைக் கருவி பிடித்தது. அடுத்து அனுப்பிய திட்டம் 2001 டிசம்பரில் ஏற்கப்பட்டது. நான்கு மறுப்புகளையும் அவர் தடையாக எண்ணிச் சோர்ந்திருந்தால் நமக்கு இன்று இந்தத் துறையே இவ்வளவு வளர்ந்திருக்காது. அவற்றைச் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலாக எடுத்துக்கொண்டார் என்பதே அவர்மேல் எனக்குள்ள பெருமதிப்புக்குக் காரணம்.

அப்படி உருவான கெப்ளர் தொலைநோக்கி 2009 மார்ச்சில் ஏவப்பட்டது. பூமி குறுக்கே வந்து மறைக்காதபடி சூரியனைச் சுற்றும் தனிப்பாதையில் நின்று, சிக்னஸ், லைரா விண்மீன் குழுக்களின் பக்கமுள்ள ஒரே வானத்துண்டை, ஏறத்தாழ 1,50,000 விண்மீன்களை, அரைமணிக்கு ஒருமுறை அளந்தது. அழகான படம் எடுப்பது அதன் வேலையில்லை. விண்மீனின் ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் ஒளியை உணரும் சிசிடி சில்லின் பல கட்டங்களில் பரவும்படி வேண்டுமென்றே சற்று மங்கலாகக் குவியப்படுத்தியிருந்தார்கள். வெளிச்சத்தைத் துல்லியமாக அளக்க அதுதான் வசதி.

இனி நான் முதலில் சொன்ன இடைத்தூரத்துக்கு வருகிறேன். அட்டவணையில் மூன்று பள்ளம், சம இடைவெளியில், 12,000-இல் ஒரு பங்கு ஆழம். கோள்தானா?

முதல் எதிரி அல்கால். ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்கள் வானமெங்கும் இருக்கின்றன. அவற்றின் பள்ளம் மிக ஆழமானது, ஆகவே சுலபமாகத் தெரிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் நாம் பார்க்கும் விண்மீனுக்கு நேர்பின்னால், எங்கோ தொலைவில், அதைப்போல 5,000-இல் ஒரு பங்கு ஒளியுள்ள மங்கலான இரட்டை ஒன்று இருந்தால்? இரண்டின் ஒளியும் கலந்தே நம்மிடம் வருகிறது. பின்னாலிருப்பது தன் ஒளியில் பாதியை இழந்தாலும் மொத்தத்தில் அது 10,000-இல் ஒரு பங்குக் குறைவாகத்தான் தெரியும். அதாவது ஒரு பூமியைப்போல. குட்ரிக் கண்ட அதே நிகழ்வு, கோள் வேடம் போட்டுக்கொண்டு வருகிறது.

வேடத்தைக் கலைக்கப் பல வழிகள் உண்டு. பள்ளத்தின் வடிவத்தைப் பார்ப்பார்கள். சிறு கோள் விண்மீனின் முகத்துக்குள் முழுவதும் நுழைந்து நெடுநேரம் உள்ளேயே நகரும். பள்ளத்தின் அடி ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். இரண்டு விண்மீன்கள் விளிம்போடு விளிம்பு உரசிப்போனால் அடி கூராக இருக்கும். ஒற்றைப்படைப் பள்ளங்களையும் இரட்டைப்படைப் பள்ளங்களையும் தனித்தனியே கூட்டிப்பார்ப்பார்கள். இரட்டை விண்மீனில் அது இதை மறைப்பதும் இது அதை மறைப்பதும் மாறி மாறி வருவதால், ஆழம் ஒன்று விட்டு ஒன்று சற்றே வேறுபடும், கோளுக்கு வேறுபடாது. பள்ளம் விழும் நேரத்தில் ஒளியின் மையம் நகர்கிறதா என்று பார்ப்பார்கள். மங்கியது பக்கத்திலிருக்கும் இன்னொரு விண்மீன் என்றால், சில்லின் மேல் ஒளியின் மையப்புள்ளி ஒரு மயிரிழை எதிர்ப்பக்கம் சாயும். இது எனக்கு மிகப் பிடித்த சோதனை. கட்டத்தின் அகலத்தில் மிகச் சிறு பகுதியே இருக்கும் அந்தச் சாய்வு, ஒரு பொய்க்கோளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிறகு பெரிய தொலைநோக்கிகளைக் கொண்டு அந்த விண்மீனின் பக்கத்தில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று கூர்ந்து பார்ப்பார்கள்.

சில சமயம் கோள்களே சாட்சி சொல்லும். கெப்ளர்-9 என்ற விண்மீனில் 19 நாளிலும் 39 நாளிலும் சுற்றும் இரண்டு கோள்களின் கடப்புகள் குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னுமாக வந்தன. ஒன்றையொன்று ஈர்ப்பு விசையால் இழுத்துக்கொள்வதால் வந்த மாற்றம் அது. ஒன்று சீக்கிரம் வரும்போது மற்றது தாமதித்தது. சம்பந்தமில்லாத இரண்டு இரட்டை விண்மீன்கள் தற்செயலாக இப்படிக் கைகோத்து ஆட முடியாது. 2010-இல் வெளிவந்த இந்த முடிவு, தள்ளாட்டத்தை அளக்கமுடியாத மங்கலான விண்மீன்களிலும் கோள்களின் எடையை அறிய வழி திறந்தது. ஒரே விண்மீனில் பல இடைவெளிகளில் பள்ளங்கள் இருந்தால் அவை எல்லாமே போலியாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்ற கணக்கை வைத்து, 2014-இல் ஒரே அறிவிப்பில் 715 கோள்கள் உறுதிசெய்யப்பட்டன.

வேடதாரிகளை விலக்கியபிறகும் ஒரு பலவீனம் மிஞ்சும். பள்ளத்தின் ஆழம் சொல்வது, கோள் விண்மீனைப்போல எத்தனையில் ஒரு பங்கு என்பதை மட்டும். விண்மீன் எவ்வளவு பெரிது என்பதை வேறு வழியில் அறியவேண்டும். அதில் பிழை இருந்தால் கோளின் அளவிலும் அதே பிழை. சுற்றுக்காலத்திலிருந்து தொலைவைக் கணக்கிடுவதற்கும் விண்மீனின் எடை தெரியவேண்டும். ஆகவே கோள்களைப் பற்றிய அறிவு விண்மீன்களைப் பற்றிய அறிவின் தோளில் ஏறித்தான் நிற்கிறது. இது எவ்வளவு முக்கியம் என்பது 2017-இல் தெரிந்தது. பெஞ்சமின் ஃபுல்டன் முதலானோர், ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியின் நிறமாலைகளைக் கொண்டு கெப்ளர் விண்மீன்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் அளவுகளைத் திருத்தினார்கள். புதிய கோள் எதையும் அவர்கள் தேடவில்லை. திருத்திய அளவுகளை வரைந்து பார்த்தபோது, பூமியைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பருமனுள்ள கோள்கள் அரிதாக இருப்பது பளிச்சென்று தெரிந்தது. அதைவிடச் சிறியவை நிறைய, பெரியவையும் நிறைய, நடுவில் ஒரு வெற்றிடம். பழைய அளவுகளின் பிழை அந்த இடைவெளியை நிரப்பி மறைத்திருந்தது. அருகிலிருக்கும் விண்மீனின் கடும் ஒளி சில கோள்களின் காற்றை உரித்துவிட்டு வெறும் பாறையாக்குகிறது என்பது ஒரு விளக்கம். கோளின் உட்சூடே காற்றைத் துரத்துகிறது என்பது இன்னொன்று. விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

காற்றைப் பற்றிச் சொன்னேன். கடப்பின்போது விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பகுதி, கோளின் விளிம்பைச் சூழ்ந்த காற்றை ஊடுருவி நம்மிடம் வருகிறது. ஒவ்வொரு வாயுவும் குறிப்பிட்ட நிறங்களை உறிஞ்சும். அந்த நிறத்தில் மட்டும் பார்த்தால் கோள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், பள்ளம் கொஞ்சம் ஆழமாகும். 2002-இல் ஷார்பனோவின் குழு ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டு, அதே எச்டி 209458-இல், சோடியம் உறிஞ்சும் நிறத்தில் பள்ளம் ஏறக்குறைய 4,000-இல் ஒரு பங்கு கூடுதல் ஆழமாக இருப்பதாக வெளியிட்டது. பாடநூல்கள் வரை போன முடிவு அது. 2020-க்குப் பிறகு வேறு கருவியால் நுணுக்கமாகப் பார்த்தவர்கள், விண்மீனின் சுழற்சியால் வரும் ஒரு விளைவே சோடியம்போலத் தோற்றம் தரக்கூடும் என்று கேள்வி எழுப்பினார்கள். முதல் வெற்றியையே திரும்ப எடுத்து உரசிப் பார்க்கும் இந்தப் பழக்கம் இருப்பதால்தான், 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-39பி என்ற கோளின் காற்றில் கார்பன் டை ஆக்சைடைத் தெளிவாகக் காட்டியபோது அதை நிம்மதியோடு ஏற்கமுடிகிறது.

கோள் விண்மீனுக்கு முன்னால் வருவதைப்போலப் பின்னாலும் போகும். அதையும் விடுவதில்லை. பின்னால் போகும்வரை நம்மிடம் வருவது விண்மீனின் ஒளியும் கோளின் ஒளியும் சேர்ந்தது; மறைந்ததும் விண்மீனின் ஒளி மட்டும். கழித்தால் கோளின் பங்கு. நாற்பது ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்று ஒரு சிறு செந்நிற விண்மீன் இருக்கிறது. விட்டம் சூரியனில் எட்டில் ஒரு பங்கு. மிக்கேல் ஜியோன் தலைமையில் 2017-இல் அறிவிக்கப்பட்ட அதன் ஏழு கோள்களும் பூமியை ஒத்த பருமனுள்ளவை. விண்மீன் சிறியது என்பதால், பூமி அளவுள்ள கோளே நூற்றுக்கு முக்கால் பங்கு ஒளியை மறைத்துவிடுகிறது. உள்ளே முதலாவதாக இருக்கும் கோள் பின்னால் மறைவதை ஜேம்ஸ் வெப் அகச்சிவப்பு ஒளியில் அளந்தது. அதன் பகல் பக்கம் சுமார் 230 பாகை செல்சியஸ் என்று 2023-இல் தெரிந்தது. காற்று இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி இரவுப் பக்கத்துக்குப் பரவி, பகல் பக்கம் தணிந்திருக்கும். அப்படித் தணிந்த அடையாளம் இல்லை. அடர்ந்த காற்று இல்லாத வெறும் பாறை என்பதே கிடைத்த முடிவு.

இன்று உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் நான்கில் மூன்று பங்கு கடப்பு முறையில் கிடைத்தவை. ஆனாலும் சூரியனைப் போன்ற விண்மீனை ஆண்டுக்கொருமுறை சுற்றும் கடுகு, பொருக்கி தேடிய அதே கடுகு, இன்னும் சரியாகக் கைக்கு வரவில்லை. சூரியனைப் போன்ற விண்மீன்களின் வெளிச்சம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் படபடத்தது. அந்தப் படபடப்பை வெல்ல இன்னும் சில ஆண்டு அளக்கவேண்டியிருந்தது. அதற்குள் 2013 மே மாதம் கெப்ளரைத் திசை மாறாமல் நிறுத்தும் சுழல்சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. சூரிய ஒளியின் அழுத்தத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு, வேறு வானத்துண்டுகளைப் பார்த்து, 2018-இல் எரிபொருள் தீரும்வரை உழைத்தது. அதே ஆண்டு ஏவப்பட்ட டெஸ் தொலைநோக்கி ஏறத்தாழ முழு வானத்தையும் பார்க்கிறது, ஆனால் ஒரு துண்டை 27 நாள் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறது. அதன் பலம் நமக்குப் பக்கத்திலுள்ள ஒளிமிக்க விண்மீன்கள். நீண்ட சுற்றுக்காலமுள்ள சிறு கோள்களுக்காக 26 கேமராக்கள் கொண்ட பிளேட்டோ என்ற கலத்தை ஐரோப்பிய விண்வெளி முகமை உருவாக்கியிருக்கிறது.

கண்டுபிடித்த கோள்களையும் தொடர்ந்து அளக்கவேண்டியிருக்கிறது. ஒரு கோளின் சுற்றுக்காலம் மூன்றரை நாள், அதில் பத்து வினாடிப் பிழை இருக்கிறது என்று கொள்வோம். ஐந்தாண்டில் அது 500 முறைக்கு மேல் சுற்றிவிடும். பிழை கூடிக்கூடி, கடப்பு எப்போது வரும் என்ற கணிப்பு ஒன்றரை மணி நேரம் தவறிப்போகும். ஜேம்ஸ் வெப்பின் நேரத்தை அப்படி வீணாக்க முடியாது. அதனால் சிறிய, நடுத்தரத் தொலைநோக்கிகள் கடப்பு நேரங்களைத் திரும்பத் திரும்பக் குறித்துக்கொடுக்கின்றன. கைத்தேர்ச்சியுள்ள அமெச்சூர் வானியலர்களும் தங்கள் மொட்டைமாடியிலிருந்து இதில் பங்கெடுக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் கருவிக்குத் தெரிந்த பள்ளம் அவர்களுக்கும் தெரியும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதையும் லடாக்கின் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் தொலைநோக்கியையும் கொண்டு, விண்மீனை ஒட்டிச் சுற்றும் ஐந்து கோள்களின் கடப்புகளை அந்நிறுவன ஆய்வாளர்கள் அளந்து, அவற்றின் பருமன் முதலான அளவுகளைப் புதுப்பித்து 2019-இல் வெளியிட்டார்கள்.